காடு என்பது எது?

சேலம் பக்கத்துக் கிராமங்களில் ஒருவரைத் தேடி அவர் வீட்டுக்குப் போனால், "காட்டுக்குப் போயிருக்காருங்க" என்று பதில் வரும். நிலக்கடலைக்குக் களை எடுக்கவோ சோளத்தட்டு அறுக்கவோ அவர் போயிருப்பார். மானாவாரி நிலம் அங்கே காடு. மரம் அடர்ந்து காட்டெருமை திரிகிற இடமும் காடுதான். சேர்வராயன் மலையில் ஏறினால் இந்தச் சொல் இன்னும் நுணுக்கமாகக் கிளை பிரிகிறது. கலப்பை ஓடும் நிலம் உழவுக்காடு. கலப்பை ஏறாத சரிவைக் கொத்திக் கிளறிச் சாமையும் தினையும் விதைத்தால் அது கொத்துக்காடு. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்பது ஊரார் சொல்லும் பெயர்க்காரணம்.

காடு என்றால் என்ன என்று இப்போது ஐரோப்பா கேட்கிறது. அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் இந்த மலையின் காபிக்கு வழி திறக்கும், அல்லது அடைபடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு காடழிப்புத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காபி, கோகோ, ரப்பர், சோயா, எண்ணெய்ப்பனை, மரம், மாடு ஆகிய ஏழும், அவற்றிலிருந்து செய்யும் பொருள்களும் அதில் அடங்கும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த எதையும் ஐரோப்பியச் சந்தையில் விற்கக் கூடாது. விளைந்த நாட்டின் நிலச் சட்டங்களுக்கும் அது உட்பட்டிருக்க வேண்டும். காட்டுக்கு அந்தச் சட்டம் சொல்லும் இலக்கணம் இது: அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த மரங்கள், பரப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிப்பு. விவசாயமே முதன்மையாக நடக்கும் நிலம் இதில் சேராது.

கொட்டச்சேடு, ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சமவெளிக்கு இறங்கும் மலைப்பாதையில் இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் மொய்க்கும் இருபது கொண்டை ஊசி வளைவுச் சாலை வேறு. இது அமைதியான பக்கம். இங்கே தேக்கங்காடு உண்டு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற, பலா மரங்கள் குடைபிடிக்க, அவற்றின் அடியில் காபிச் செடி வளரும் தோட்டங்களும் உண்டு. ஐரோப்பியச் சட்டத்தின்படி தேக்கங்காடு காடு, காபித் தோட்டம் விவசாய நிலம். வானத்திலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கோ இரண்டும் ஒரே பச்சைதான். காபிச் செடியை நிழல் மூடியிருப்பதால் அதன் கண்ணில் தோட்டம் படுவதே இல்லை. 2020-ம் ஆண்டு நிலவரத்தைக் காட்ட ஐரோப்பிய ஆய்வு மையம் உருவாக்கிய உலகக் காட்டு வரைபடத்திலும் மரநிழல் தோட்டங்களைக் காடாகக் காட்டும் சிக்கல் இருக்கிறது. நிழலை வெட்டிவிட்டு வெட்டவெளியில் காபி வளர்க்கும் நாட்டுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. மரத்தைக் காப்பாற்றிய தோட்டத்துக்காரர்தான் தன் தோட்டம் காடில்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் நோக்கத்தில் பிழை சொல்வதற்கில்லை. அமேசானிலும் போர்னியோவிலும் காடுகள் எரிந்தது உண்மை. அதில் ஐரோப்பாவின் நுகர்வுக்குப் பங்கு இருப்பதும் உண்மை. கொட்டச்சேட்டைப் போன்ற ஊர்களை அலைக்கழிப்பது வேறொன்று: அந்தச் சட்டம் எப்போது, எந்த வடிவில் நடைமுறைக்கு வரும் என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாமல் போனது. தட்பவெப்பத்தைக் காக்கும் கொள்கை நிலையில்லாமல் ஆடும்போது அது பொருளாதாரக் கொள்கையையும் ஆட்டுகிறது. சேர்வராயன் மலைக்கு இது முதல் அனுபவமும் அல்ல.

1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் எம்.டி. காக்பர்ன். ஏற்காட்டின் கிரேஞ்ச் எஸ்டேட்டில் காபியையும், கூடவே ஆப்பிள், பேரி, ஆரஞ்சு போன்ற பழமரங்களையும் ஊன்றியவர் அவர். அதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாக இந்த மலையில் வாழ்ந்து வருபவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்பது பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்பது அவர்களின் மரபுக்கதை. பழங்குடியினராக அரசு இவர்களைப் பட்டியலிட்டிருக்கிறது; ஏற்காடு சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினருக்கான தனித்தொகுதி. காபி எஸ்டேட்டுகள் துரைமாரின் கையில் பெருகியபோது சாமையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். பின்னாளில் தங்கள் காடுகளிலும் காபி வைத்தார்கள்.

காபி பரவத் தொடங்கிய அதே காலத்தில் லண்டனிலிருந்து ஒரு கேள்வி கடல் தாண்டி வந்தது. மரங்கள் ஒரு நாட்டின் மழையையும் விளைச்சலையும் பாதிக்கின்றனவா என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1847-ல் இந்திய நிர்வாகங்களிடம் விவரம் கேட்டார்கள். மதராஸ் படையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் இதைப் பற்றி 1849-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மரம் போனால் ஈரம் போகும், ஈரம் போனால் பஞ்சம் வரும் என்பது அவர் வாதத்தின் சாரம். சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் என்று நாம் அறிந்த அதே பால்ஃபர்தான். 1856-ல் மதராஸ் மாகாணத்தின் முதல் காட்டுப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் பொறுப்பேற்றார். காட்டை அழித்தால் தட்பவெப்பம் மாறும் என்பது அன்றைய அரசு ஆவணங்களிலேயே ஏறிவிட்ட கருத்து. இன்று நாம் பேசும் தட்பவெப்பக் கொள்கைக்கு ஒரு பாட்டன் உண்டென்றால் அது மதராஸ் மாகாணத்தில் பிறந்தது எனலாம்.

ஆனால் கொள்கை ஒரு பக்கம் இழுக்க, பணம் மறுபக்கம் இழுத்தது. ரயில்பாதைக்கு அடிக்கட்டை வேண்டும், எஞ்சினுக்கு விறகு வேண்டும். 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய பாதை அடுத்த சில ஆண்டுகளில் சேலத்தை எட்டியது. வழிநெடுக இருந்த மலைகள் மொட்டையாகிவருவதை கிளெக்ஹார்ன் கவலையோடு பதிவு செய்தார். காபி நட வந்தவர்களுக்கு மலைச்சரிவுகளை அரசே வழங்கியது. அதே அரசு 1860-ல், வெட்டி எரித்து விதைக்கும் மலைவேளாண்மையை அரசுக் காடுகளில் அனுமதியில்லாமல் செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. தட்பவெப்பத்தின் பெயரால் போட்ட சுமையைத் தாங்க அன்றைக்கும் சின்னக் கொத்துக்காடுதான் முதலில் அழைக்கப்பட்டது.

நிலையான ஒரு சட்டம் வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. 1878-ல் இந்தியக் காட்டுச் சட்டம் வந்தபோது மதராஸ் மாகாணம் அதை ஏற்கவில்லை. கிராமத்தார் காட்டில் விறகெடுப்பதும் மாடு மேய்ப்பதும் காலங்காலமாக உள்ள உரிமை, அதைப் பறிக்க முடியாது என்று மாகாண வருவாய் வாரியம் வாதாடியது. இதற்கு நடுவே 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்துபோனது. அதில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881-ல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியிருந்தது. இந்தியக் காட்டுத் துறையின் தலைவராக இருந்த டீட்ரிச் பிராண்டிஸ் மதராஸுக்கு வந்து ஆய்வு செய்தார். 1882-ல் மதராஸ் காட்டுச் சட்டம் நிறைவேறியது. லண்டன் கேள்வி கேட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இடைவெளியில் மலையில் யாருக்கு எந்த நிலம், எந்த மரம் என்பது அதிகாரிக்கு அதிகாரி மாறியது. கோடு போட்டு இது காப்புக்காடு, இது ஊர்நிலம் என்று பிரித்த பிறகுதான் ஓரளவு தெளிவு வந்தது. அந்தக் கோட்டுக்குள் தன் கொத்துக்காடு சிக்கிய குடும்பத்துக்கு வந்தது தெளிவல்ல, இழப்பு. அதன் விளைவு இன்றும் தீரவில்லை.

இதற்கிடையில் மரநிழலின் அருமையைச் சட்டத்துக்கு முன்பே ஒரு வண்டு சொல்லிக் கொடுத்தது. 1860-களில் குடகிலும் வயநாட்டிலும் நிழல்மரங்களை அகற்றிவிட்டுக் காபி பயிரிட்ட தோட்டங்களைத் தண்டுத்துளைப்பான் தாக்கியது. செடியின் தண்டைக் குடைந்து உள்ளிருந்தே கொல்லும் வண்டு அது. அரசு அனுப்பிய ஜார்ஜ் பீடி 1869-ல் அறிக்கை கொடுத்தார். வெயில் படும் செடியைத்தான் வண்டு நாடுகிறது என்பது தோட்டக்காரர்களுக்குப் புரிந்தது. அதே 1869-ல் இலங்கையில் காபி இலைத்துரு நோய் இனங்காணப்பட்டது. சேலம், திருச்சி, மதுரை மாவட்டங்களிலிருந்து போன தமிழர்களின் உழைப்பில் வளர்ந்த இலங்கைக் காபி, இருபது ஆண்டுகளுக்குள் அழிந்து தேயிலைக்கு வழிவிட்டது. தென்னிந்திய மலைகளில் காபி பிழைத்ததற்கு நிழல் ஒரு முக்கியக் காரணம். ஆக, இந்த மலைகளில் மரம் நிற்பது யாரும் உபதேசம் செய்ததால் அல்ல. மரமில்லாமல் அராபிகாக் காபி நிலைக்காது என்பதால்.

அடுத்த நூற்றாண்டில் மலைக்கு ஒரு நீண்ட நிலைத்த காலம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுப் போக, 1940-ல் அவசரச் சட்டம் ஒன்று வந்தது; 1942-ல் அது காபிச் சட்டமானது. விளைந்த காபி முழுவதையும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கொடுத்துவிட வேண்டும். வாரியம் ஏலம் விட்டு விற்கும். விவசாயிக்குத் தவணை தவணையாகப் பணம் வரும். பணம் தாமதமாகிறது, நல்ல காபிக்கும் மட்டமான காபிக்கும் விலையில் வித்தியாசம் போதவில்லை என்று தோட்டக்காரர்கள் குறைசொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குறைகள் நியாயமானவை. இருந்தாலும் நாற்று நடும்போது, அது காய்க்கும் காலத்தில் யாரிடம் விற்கப்போகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1962-ல் வந்த பன்னாட்டுக் காபி உடன்பாடு நாடுகளுக்கு ஏற்றுமதிப் பங்கு பிரித்துக் கொடுத்து உலக விலையையும் ஓரளவு கட்டி நிறுத்தியது.

1989 ஜூலையில் அந்தப் பங்கீடு குலைந்தது. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. ரூபாய்க் கணக்கில் இந்தியக் காபியை வாங்கி வந்த பெரிய சந்தை அதோடு போயிற்று. 1992-ல் தொடங்கிப் படிப்படியாகத் தொகுப்பு முறை தளர்த்தப்பட்டு, 1996-ல் விவசாயி தன் காபியைத் தானே விற்கலாம் என்றானது. முதல் சில ஆண்டுகள் விலை கொழித்தது. 2001-ல் உலகக் காபியின் சராசரி விலை ஒரு ராத்தலுக்கு 46 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே விழுந்தபோது, பறிகூலிக்குக் கூடக் கட்டுப்படியாகாமல் பழத்தைச் செடியிலேயே விட்ட தோட்டங்கள் உலகெங்கும் இருந்தன. பிறகு விலை ஏறியது, இறங்கியது, 2025 தொடக்கத்தில் அராபிகா விலை ராத்தலுக்கு நான்கு டாலரைத் தாண்டிச் சாதனை படைத்தது. விலையின் இந்த ஆட்டத்துக்கு விவசாயி ஒருவாறு பழகிக்கொண்டார். பிரேசிலில் உறைபனி விழுந்தால் இங்கே விலை ஏறும் என்பது ஏற்காட்டுச் சின்ன வியாபாரிக்கும் தெரியும்.

1996-ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், அந்த ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அரசுப் பதிவேட்டில் காடு என்று இருப்பது மட்டுமல்ல, அகராதிப் பொருளில் காடு என்று சொல்லத்தக்க எதுவும், யார் உடைமையாக இருந்தாலும், காடுதான் என்றது நீதிமன்றம். 1980-ம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தை 2023-ல் ஒன்றிய அரசு திருத்தி அந்த வரம்பைக் குறுக்கியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பழைய அகராதிப் பொருளையே பின்பற்றச் சொல்லி இடைக்கால உத்தரவிட்டது. காடு என்பது எது என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே ஒரு முடிந்த பதில் இல்லை. அதே கேள்விக்கு ஐரோப்பா தன் பதிலோடு வந்து நிற்கிறது. இரண்டு இலக்கணங்களுக்கும் நடுவில் இருக்கிறது பலா மரத்தடிக் காபிச்செடி.

இனி ஐரோப்பியச் சட்டத்தின் நாட்காட்டியைப் பார்க்கலாம். 2023 ஜூன் 29-ல் அது சட்டமானது. 2024 டிசம்பர் 30-லிருந்து நடைமுறை என்றார்கள். 2023 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, கானா, கொலம்பியா உள்ளிட்ட 17 நாடுகள் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதின. 2024 அக்டோபரில், கெடு முடிய மூன்று மாதம்கூட இல்லாத நிலையில், ஓராண்டு தள்ளிவைக்கும் யோசனை வந்தது. டிசம்பரில் அது சட்டமானது. புதிய கெடு 2025 டிசம்பர் 30. 2025 மே மாதம் நாடுகளை ஆபத்து அளவின்படி தரம் பிரித்தார்கள். இந்தியா குறைந்த ஆபத்துள்ள நாடு என்றானது. அந்த வகை நாடுகளிலிருந்து பொருள் எடுக்கும் இறக்குமதியாளர்களில் நூற்றுக்கு ஒருவரைச் சோதித்தால் போதும். செப்டம்பரில், விவரங்களைப் பதிவு செய்யும் கணினி அமைப்பு பாரத்தைத் தாங்காது, இன்னோர் ஆண்டு வேண்டும் என்றார்கள். அக்டோபரில் அதை மாற்றி வேறொரு யோசனை சொன்னார்கள். டிசம்பரில் மறுபடியும் ஓராண்டு தள்ளினார்கள். இப்போதைய நிலையில் பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறியவற்றுக்கும் மிகச் சிறியவற்றுக்கும் 2027 ஜூன் 30. சட்டத்தை எளிதாக்க முடியுமா என்று 2026 ஏப்ரலுக்குள் மறுபடி ஆராய வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தின் ஒரு பகுதி.

நடுவில் காத்திருந்தவர்கள் யார்? இந்தியக் காபியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது; ஐரோப்பாதான் பெரிய வாடிக்கையாளர், நாடுகளில் இத்தாலி முதலிடம். கர்நாடகம் சுமார் எழுபது விழுக்காடு விளைவிக்க, தமிழகத்தின் பங்கு ஐந்தாறு விழுக்காடுதான். நாட்டின் காபித் தோட்டங்களில் ஏறக்குறைய எல்லாமே பத்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்கள். காபி விளைந்த நிலம் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்கிறது ஐரோப்பியச் சட்டம். நான்கு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கருக்கு, உட்பட்ட நிலமென்றால் அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஆறு தசம இடங்கள் வரை துல்லியமாகக் கொண்ட ஒரு புள்ளி போதும். அதற்கு மேற்பட்டால் எல்லை முழுவதையும் அளந்து காட்ட வேண்டும். காபி வாரியம் இதற்கென ஒரு செல்பேசிச் செயலியை உருவாக்கி, விவசாயிகளைப் பதிவு செய்யச் சொன்னது. நாடு முழுவதும் லட்சக்கணக்கான குடும்பங்கள் பதிவு செய்ய வேண்டிய வேலை அது. வாரியத்தின் பணமும் ஆளும் நேரமும் அதற்குப் போனால், நோய் தாங்கும் நாற்று கொடுப்பதற்கும், உலர்களம் அமைக்க மானியம் தருவதற்கும் அந்த அளவுக்குக் குறையும். வெளியே எழுதப்படும் ஒரு தட்பவெப்ப விதி உள்ளே அரசின் செலவுப் பட்டியலைத் திருத்தி எழுதுவது இப்படித்தான்.

மலையில் பழம் எடுப்பு குளிர்காலத்தில். சின்ன விவசாயி தன் பழத்தையோ, தோல் நீக்கிக் காயவைத்த பார்ச்மெண்ட்டையோ உள்ளூர் வியாபாரியிடம் கொடுக்கிறார். பத்துப் பேரின் காபி ஒரே குவியலில் சேர்கிறது. ஐரோப்பியச் சட்டப்படி அந்தக் குவியலின் ஒவ்வொரு தோட்டத்துக்கும் புள்ளி வேண்டும். ஒன்று விடுபட்டாலும் முழுச் சரக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும். மீறினால் இறக்குமதியாளருக்கு விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சம், அவருடைய ஐரோப்பிய ஆண்டு விற்றுமுதலில் நான்கு விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அப்படிப்பட்ட சூழலில் வாங்குபவர் யாரிடம் போவார்? காகிதங்கள் கச்சிதமாக இருக்கும் பெரிய எஸ்டேட்டிடம்தான் போவார்.

காகிதம் என்றதும் பழைய காயம் ஒன்று திறக்கிறது. நாட்டுச் சட்டப்படி விளைந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு நிலப்பட்டா அடிப்படை. 1882-ல் போட்ட கோடுகளுக்குள் சிக்கிய நிலங்களுக்கு உரிமை தர 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. தமிழகத்திலோ, 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம், தன் அனுமதி இல்லாமல் உரிமைப் பத்திரம் வழங்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும்வரை எட்டு ஆண்டுகள் வீணாயின. பழங்குடி விவசாயி தலைமுறை தலைமுறையாகப் பயிரிடும் நிலத்துக்குச் சான்று கேட்டால், அந்தச் சான்றைத் தர வேண்டியவர்களே தாமதித்திருக்கிறார்கள். இந்தக் குறையை ஐரோப்பாவின் தலையில் போட முடியாது. இது நம் வீட்டுக் குறை.

சட்டம் தள்ளிப்போனது சின்னவர்களுக்கு நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். கெடு நீண்டதால் மூச்சுவிட நேரம் கிடைத்தது என்பது சரி. ஆனால் 2024-க்குள் தயாராக வேண்டுமென்று செலவு செய்து நிலத்தை அளந்தவரும், எதுவும் செய்யாமல் இருந்தவரும் ஒரே இடத்தில் நின்றார்கள். அடுத்த முறை கெடு சொன்னால் யார் நம்புவார்கள்? இதனால்தான் நெஸ்லே, ஃபெரேரோ போன்ற பெரிய நிறுவனங்களே தள்ளிவைப்பை எதிர்த்தன. ஏற்கெனவே முதலீடு செய்துவிட்ட தங்களுக்குத்தான் நட்டம் என்பது அவர்கள் கணக்கு. அந்த அளவுக்குக் குரல் கொடுக்கும் வலு மலைவாழ் விவசாயிக்கு இல்லை.

பொருளியலில் இதற்கு நல்ல விளக்கம் உண்டு. திரும்பப் பெற முடியாத முதலீட்டை, எதிர்காலம் தெளிவாகாதபோது தள்ளிப்போடுவதே லாபம் என்று பென் பெர்னான்கி 1983-ல் எழுதினார். மும்பையில் பிறந்த அவினாஷ் தீட்சித்தும் ராபர்ட் பிண்டிக்கும் 1994-ல் அதை ஒரு முழு நூலாக விரித்தார்கள். ஒவ்வொருவரும் காத்திருப்பது அவரவருக்கு நியாயம். எல்லோரும் காத்திருந்தால் நாட்டில் வேலை நடக்காது. தட்பவெப்பக் கொள்கையின் நிச்சயமின்மையை அளக்க கான்ஸ்டன்டினோஸ் காவ்ரிலிடிஸ் 2021-ல் ஒரு குறியீட்டெண்ணை உருவாக்கினார். எட்டு அமெரிக்க நாளிதழ்களில் இது பற்றிய செய்தி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் கணக்கிடுவது அது. உலகெங்கும் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். 2017-ல் பாரிஸ் உடன்பாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்து, 2021-ல் திரும்பி வந்து, 2025-ல் மறுபடி விலகல் உத்தரவில் கையெழுத்திட்ட நாடு அமெரிக்கா. அங்கே கணக்கெடுக்கப் பொருள் நிறையவே உண்டு. அந்த எட்டு நாளிதழ்களில் ஏற்காட்டின் நிச்சயமின்மை பதிவாகாது. வளரும் நாடுகளைப் பற்றிய ஆய்வுகள் தடுமாறும் இடமும் இதுதான்: விதி ஓரிடத்தில் எழுதப்படுகிறது, அலைக்கழிப்பு இன்னோரிடத்தில் நடக்கிறது, அளவுகோல் முதல் இடத்தில் மட்டும் வைக்கப்படுகிறது.

மலையடிவாரத்தில் இதே கதை இரும்பில் நடக்கிறது. சேலத்தில் இந்திய அரசின் உருக்காலை இருக்கிறது. மேச்சேரிப் பக்கம் தனியார் உருக்காலையும் இருக்கிறது. ஐரோப்பா தன் எல்லையில் இரும்பு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றின் மீது கார்பன் வரி விதிக்கும் ஏற்பாட்டை 2023 அக்டோபரில் தகவல் சேகரிப்பாகத் தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து கட்டணமாக்கியிருக்கிறது. இந்தியா 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023-ல் உள்நாட்டுக் கார்பன் வணிகத் திட்டத்தை அறிவித்தது. வரியாகப் போகும் பணம் அங்கே போவதற்குப் பதில் இங்கேயே இருக்கட்டும் என்ற எண்ணமும் அதன் பின்னால் உண்டு. உருக்காலைக்கு அதிகாரிகள், கணக்காளர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். விதி மாறினால் புதிய விதிக்கு ஆள் வைத்துக்கொள்வார்கள். காபித் தோட்டக் குடும்பத்தில் அந்த வேலையைச் செய்ய ஊருக்கு வந்துபோகும் கல்லூரிப் பிள்ளையும் அதன் செல்பேசியும்தான்.

காபியின் காலம் வேறு. ஜூன் மழைக்கு நட்ட நாற்று முதல் காய் காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். மார்ச், ஏப்ரலில் செடியைப் பூக்கவைக்கும் பூமழை ஒழுங்காக விழ வேண்டும். அதுவே இப்போதெல்லாம் தவறிவிடுகிறது. நன்கு பராமரித்தால் செடி நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் காய்க்கும். நிழலுக்கு வைத்த பலா பேரன் காலத்திலும் நிற்கும். பல்லாண்டுப் பயிரை வைத்திருப்பவரிடம் ஆண்டுக்கொரு முறை விதியை மாற்றிச் சொன்னால், அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: புதுச் செடி நடாமல் பழைய செடியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது. காபியே வேண்டாமென்று நிலத்தை விடுதி கட்டுபவருக்கு விற்றுவிடுவதும் நடக்கும். ஏற்காட்டில் நிலத்துக்கு அப்படிப்பட்ட விலை இருக்கிறது. அந்த நிலத்தில் மரம் மிஞ்சுமா? காட்டைக் காக்கப் பிறந்த சட்டம், அதன் தடுமாற்றத்தால், காட்டுக்கு மிக நெருக்கமான ஒரு விவசாயத்தை அழித்துவிடக் கூடும் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல.

ஐரோப்பாவின் நாட்காட்டியை நம்மால் மாற்ற முடியாது. 2026 டிசம்பர் 30-க்குள் நம்மால் முடிந்தவை உண்டு. காபி வாரியம், வருவாய்த் துறை, வனத்துறை, பழங்குடியினர் நலத்துறை ஆகிய நான்கும் தனித்தனியாக விவசாயியை அழைக்காமல், கொட்டச்சேடு, நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி என்று ஊர் ஊராக ஒரே நாளில் ஒரே மரத்தடியில் வந்து உட்கார வேண்டும். வன உரிமைப் பத்திரத்துக்கான மனுவையும், நிலத்தின் புள்ளியையும், தோட்டத்தின் பதிவையும் அங்கேயே முடித்துத் தர வேண்டும். பதிவுக்கு ஆகும் செலவை அரசு ஏற்க வேண்டும். கெடு மறுபடி தள்ளிப்போனாலும் பட்டா கையில் இருக்கும். அது எந்தச் சட்டம் வந்தாலும் போனாலும் அந்தக் குடும்பத்துக்குப் பயன்படும்.